ஊருக்குள் வரும் வண்டி

குருந்தேந்தலில் பெண் பிள்ளைக்குக் கல்லூரி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டு, எந்தக் கல்லூரியின் மஞ்சள் வண்டி ஊருக்குள் வந்து திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். திருச்சுழி ரோட்டில் நாலைந்து கல்லூரி வண்டிகள் ஓடினாலும் எல்லாம் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலேயே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். விலக்கிலிருந்து ஊர் வரைக்கும் இருபுறமும் சீமைக்கருவேல்தான். இடையில் ஒரு வீடு கிடையாது. அதனால் விலக்கோடு திரும்புகிற வண்டி எவ்வளவு பெரிய கல்லூரியின் வண்டியாக இருந்தாலும், குருந்தேந்தல் பெண்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு கல்லூரியே இல்லை. ஊருக்குள் வருகிற வண்டி ஒன்றே ஒன்று. அது எந்தக் கல்லூரியுடையதோ அதுதான் கல்லூரி. அங்கே என்ன பாடம் இருக்கிறதோ அதுதான் படிப்பு.

பொன்னுச்சாமி தன் மகள் மாரீஸ்வரிக்குக் கல்லூரி பார்த்த வருடம் இன்னொரு பொருத்தமும் சேர்ந்துகொண்டது. அந்த வண்டியை ஓட்டியவர் ஐயாத்துரை. பொன்னுச்சாமியின் மனைவி பேச்சிக்குப் பெரியப்பா மகன். மாரீஸ்வரிக்குத் தாய்மாமன் முறை. சொந்த மாமனே காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற கல்லூரி வேறு யாருக்கு வாய்க்கும் என்று பேச்சி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மாரீஸ்வரிக்கு வேண்டியிருந்தது வேறு. பத்தாவது படிக்கும்போது விருதுநகரில் நடந்த மாவட்டப் போட்டியில் வெறுங்காலோடு எண்ணூறு மீட்டர் ஓடி மூன்றாவதாக வந்திருந்தாள். அந்தப் பதக்கம் இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. மனதில் தங்கியது அங்கே விசிலோடு நின்ற ஒரு டீச்சர். தொப்பியும் டிராக் பேண்ட்டுமாக, வெயிலில் கறுத்து மெலிந்த உடம்பு. ஓடுதடத்தின் குறுக்கே திரிந்த பையன்களைப் பார்த்து அந்த டீச்சர் ஒரு விசில் அடித்ததும் அத்தனை பேரும் ஓரத்துக்கு ஓடினார்கள். குருந்தேந்தலில் எதிரே ஆண்கள் வந்தால் பெண்கள்தான் ஓரத்துக்குப் போவது வழக்கம். மாரீஸ்வரி அந்த விசிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மைதானத்தின் நடுவில் நிற்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பன்னிரண்டாவது முடித்ததும் திருச்சுழியில் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து தேடினாள். தொலைவில் ஒரு ஊரில் உடற்கல்விக்கென்றே பட்டப்படிப்பு இருந்தது. விடுதியில் தங்க வேண்டும். படத்தில் செம்மண் ஓடுதடமும் வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. ஐயாத்துரை மாமா வண்டி போகிற கல்லூரியில் அந்த வருடம்தான் உடற்பயிற்சி அறிவியல் என்று ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அந்த வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் அதுவரை யாரும் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு ஐயாத்துரை காப்பி குடிக்க வந்தார். பொன்னுச்சாமி கேட்டார்.

"மச்சான், இவ சொல்ற இந்த ஓட்டப் படிப்பு ஒங்க காலேஜ்ல இருக்கா?"

"இருக்கு மாப்ள. இந்த வருசந்தான் ஆரம்பிக்கிறாக. எக்சர்சைஸ் சயின்ஸுன்னு பேரு. மிசினெல்லாம் எறங்கிருச்சு. நாந்தான் மதுரைக்குப் போயி லோடு ஏத்திட்டு வந்தேன்."

உள்ளிருந்து மாரீஸ்வரி, "அதுவும் இதுவும் ஒண்ணுதானா மாமா?" என்றாள்.

"அது வெறும் ஓட்டம் ஆத்தா. இது சயின்ஸு."

பேச்சிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "சயின்ஸுன்னா டாக்டருக்குப் பக்கமா வருமாண்ணே?"

"பக்கந்தான்" என்றார் ஐயாத்துரை.

அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். ஒவ்வொரு டிரைவரும் தன் தடத்தில் சில பிள்ளைகளையாவது சேர்த்துவிட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் தன் கண் பார்வையிலேயே மருமகள் படிப்பாள் என்ற நிறைவு அவருக்கு அதைவிடப் பெரியது. பொன்னுச்சாமி விடுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இருப்பதை விட்டுவிட்டு யாராவது விடுதியைத் தேடிப் போவார்களா?

முதல் வருடம் அந்த வகுப்பில் ஆறு பேர். ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். நல்ல அகலமான மைதானம், ஓரத்தில் வேப்பமரங்கள். மாரீஸ்வரி ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்தாள். பாடம் அவளுக்குப் பிடித்துப்போனது. கடைசிச் சுற்றில் கால் ஏன் கல்லாகிறது, நெஞ்சு ஏன் எரிகிறது என்று புத்தகத்தில் படித்தபோது, தன் உடம்பைப் பற்றி யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. தொடைத் தசைகளின் பெயர்களை வண்டியில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருப்பவள், சாமி வந்துவிட்டதா என்று கேட்பாள்.

ஒரு மத்தியானம் சும்மா இரண்டு சுற்று ஓடியதை விளையாட்டு இயக்குநர் உதயகுமார் பார்த்துவிட்டார். சாயங்காலப் பயிற்சிக்கு வா, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம் என்றார். பயிற்சி எப்போது என்று கேட்டாள். வகுப்பு முடிந்து நாலு மணிக்கு மேல் என்றார்.

எல்லா வண்டிகளும் கிளம்புவது நாலு மணிக்கு.

அதுவரை அவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஓடுவதைப் பற்றிப் படிக்கச் சேர்ந்த கல்லூரியில், ஓடுகிற நேரமும் வண்டி கிளம்புகிற நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எந்தப் பிள்ளைதான் யோசிக்கும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஊருக்குள் வண்டி வருமா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

ஒருநாள் துணிந்து மைதானத்தில் நின்றுவிட்டாள். ஐயாத்துரை மாமாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் விடமாட்டார். மற்ற வண்டிகள் வரிசையாகக் கேட்டைத் தாண்டிப் போயின. மாமாவின் வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தார். திரும்பவும் அடித்தார். அவருக்கு ஒரு வழக்கம்: கிளம்பும்முன் கண்ணாடியைப் பார்த்து, "மாரீசு ஏறிட்டாளா?" என்று கேட்பார். ஏறிவிட்டாள் என்று யாராவது சொன்னால்தான் கியர் விழும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வீரசோழன், நரிக்குடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெயிலில் வெந்துகொண்டு வண்டிக்குள் இருந்தார்கள்.

ஜன்னலில் தலையை நீட்டி ஒருவன் கத்தினான்: "ஏலே, ஒலிம்பிக்கு எப்ப முடியும்னு கேளுங்கலே. எங்கம்மா சோறு வச்சிருக்கும்."

வண்டியே சிரித்தது. மாரீஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து ஓடினாள். அந்த மைதானத்தில் அவள் அவ்வளவு வேகமாக ஓடியது அந்த ஒரு தடவைதான்.

மாமா திட்டவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார். "ஒன்னைய எம்பொறுப்புல விட்டுருக்காக ஆத்தா. ஒத்தையில விட்டுட்டு வந்தேன்னா ஒங்கப்பன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இன்னொரு முறை வீட்டில் சொல்லிவிட்டே பயிற்சிக்கு நின்றாள். அருப்புக்கோட்டை பஸ்ஸ்டாண்டில் வண்டி மாறி விலக்கில் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொன்னுச்சாமி டிவிஎஸ்ஸை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மக்காச்சோளத்துக்குக் காவல் போக வேண்டிய நேரம். காட்டுப்பன்றிகள் பொழுது சாய்ந்தால் இறங்கிவிடும். அன்றைக்குக் காவல் தாமதமானது. பன்றிகள் ஒரு மூலையை உழுதுவிட்டுப் போயிருந்தன. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இனிமேல் வேண்டாம்மா என்றார். கெஞ்சுவது போல இருந்தது. அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

விடிகாலையில் கண்மாய்க் கரையில் ஓடிப் பார்த்தாள். சில நாட்களிலேயே டீக்கடையில் பொன்னுச்சாமியிடம் ஒருவர், "ஒம் மகள யாருப்பா வெரட்டுறா?" என்று கேட்டாராம். கிண்டலா உண்மையா என்று அவருக்கே விளங்கவில்லை. பேச்சிக்கு விளங்கியது. மறுநாளிலிருந்து விடிகாலையில் மாரீஸ்வரிக்கு மாட்டுத் தொழுவத்தில் வேலை இருந்தது.

மதுரையிலிருந்து மாமா ஏற்றிக்கொண்டு வந்த ஓட்ட மிஷின் ஆய்வுக்கூடத்தில் போர்வை மூடிக் கிடந்தது. கல்லூரியை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்குப் போர்வையை எடுத்தார்கள். வகுப்பில் ஓட்டக்காரி என்று மாரீஸ்வரியை மிஷினில் ஏற்றினார்கள். சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்திலேயே கால் கல்லானது. வந்தவர்களில் ஒரு அம்மாள் நாடித்துடிப்பைப் பற்றிக் கேட்டார். மூச்சு வாங்க வாங்கச் சரியான பதிலைச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. அவர்கள் போனபின் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தாள். உடம்பு இழுத்துக்கொள்கிற பிராணவாயுவின் அளவை வைத்து ஓர் அட்டவணை உண்டு. அவள் வயதுக்கு, பெண்ணுக்கு, அவள் அளவு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று விரலை வைத்துப் பார்த்தாள். சராசரிக்குக் கீழே. தான் எதை இழந்தோம் என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பா என்று தோன்றியது. மிஷினைத் திரும்பவும் போர்வையால் மூடினார்கள். அவளும் ஒரு முனையைப் பிடித்தாள்.

மூன்று வருடம் முடிந்து முதல் வகுப்பில் தேறினாள். தங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று பேச்சி குலசாமிக்குப் பொங்கல் வைத்தாள்.

டீச்சராவதற்கு அதற்கு மேல் உடற்கல்வியில் இன்னொரு பட்டம் வேண்டும். அதற்கான தேர்வுக்கு மதுரை தாண்டி ஓர் ஊருக்குப் பொன்னுச்சாமியும் கூடவே போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டினார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

"இது உடற்கல்விப் பட்டம் இல்லையேம்மா."

"எக்சர்சைஸ் சயின்ஸ் சார்."

"சயின்ஸ்தான். அதனாலதான் வேற வரிசை. மத்த பட்டம் படிச்சவங்களோட நிக்கணும். காலேஜ் அளவுல ஏதாவது போட்டியில கலந்திருக்கியா?"

இல்லை என்றாள்.

"ஒண்ணுல கூடவா? மூணு வருசம் என்னம்மா படிச்ச?"

"எப்படி ஓடணும்னு படிச்சேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று நினைத்திருக்கலாம். அவள் கேலி செய்யவில்லை.

மத்தியான வெயிலில் ஓட விட்டார்கள். அந்த வரிசையில் வணிகவியல் படித்த பெண்கள்கூட இருந்தார்கள். விடுதியில் தங்கி மூன்று வருடமும் ஓடியவர்கள். அவர்களுடைய குதிகால் ஒவ்வொன்றாக முன்னால் போவதை மாரீஸ்வரி பார்த்தாள். எந்தத் தசை தளர்கிறது, அதன் பெயர் என்ன, ஏன் தளர்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பின்தங்கினாள். கடைசிக்கு முந்திய ஆளாக வந்து சேர்ந்தாள்.

கம்பி வேலிக்கு வெளியே பொன்னுச்சாமி அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் ஓடி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நல்லாத்தான ஓடுன" என்றார். "ஏன் வேணாங்கிறாக?"

பஸ்ஸில் திரும்பும்போது மாரீஸ்வரி யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே வந்தாள். காரியாபட்டி தாண்டியும் யாரும் அகப்படவில்லை. அப்பா ஊர் செய்வதைத்தான் செய்தார். மாமா அவளைப் பொன்னைப் போலக் கொண்டுபோய்ப் பொன்னைப் போலக் கொண்டுவந்தார். அந்த வண்டி ஊருக்குள் வராமல் இருந்திருந்தால் அவள் கல்லூரிக்கே போயிருக்க மாட்டாள். மிச்சம் இருந்தது அவள்தான். ஒரு சாயங்காலம் வண்டியைப் பார்த்து ஓடாமல் மைதானத்திலேயே நின்றிருக்க முடியாதா? முடியாது என்றும் தோன்றியது. முடிந்திருக்கும் என்றும் தோன்றியது. இரண்டில் எது உண்மை என்று இனி தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அடுத்த சித்திரையில் கல்லூரியே அவளைக் கூப்பிட்டது. உடற்பயிற்சி அறிவியலுக்கு ஆள் சேரவில்லை; இந்த வருடமும் சேராவிட்டால் மூடிவிடுவார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதுவும் மைதானத்துக்குப் பக்கத்துக் கட்டடம்தான் என்று அவள் மனது சொல்லிக்கொண்டது. ஒத்துக்கொண்டாள். கூட்டிப் போகிற வேன் டிரைவராக ஐயாத்துரை மாமாவையே போட்டிருந்தார்கள்.

வீரசோழன் ரோட்டில் ஒரு கிராமத்தில் வெள்ளாமை செய்கிற காளீஸ்வரன் என்ற சம்சாரியின் வீடு. அவர் மகள் தங்கச்செல்வி நீளம் தாண்டுவதில் மாவட்டத்தில் இரண்டாவது. அவளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேனில் வரும்போதே மாரீஸ்வரி முடிவு செய்திருந்தாள்: இந்தப் பிள்ளையிடம் நாலு மணி வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும்.

காளீஸ்வரன் நாற்காலி எடுத்துப் போட்டார். படிப்பைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபின் தொண்டையைச் செருமினார்.

"வண்டி ஊருக்குள்ள வருமாத்தா?"

ஐயாத்துரை மாமா அவளைப் பார்த்தார்.

"வரும்" என்றாள்.

"அப்ப சரி. டிரைவரு யாரு, இவுகதானா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, எந்த ஊர், என்ன வகையறா என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். எங்கோ ஓரிடத்தில் உறவு பிடிபட்டுவிட்டது. இரண்டு பேரும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மாரீஸ்வரி தங்கச்செல்வியைக் கூட்டிக்கொண்டு களத்துப் பக்கம் போனாள். அங்கே உளுந்தம் பொட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்திப் போட்டு ஒரு குழி இருந்தது. தாண்டி விழுவதற்காக அந்தப் பிள்ளை தானே கொத்தியது. ஓரங்கள் இன்னும் ஈரமாக இருந்தன.

"செல்வி, ஒண்ணு சொல்றேன். அங்க பிராக்டிஸு நாலு மணிக்கு மேலதான். வண்டி நாலு மணிக்கே எடுத்துருவாக. மூணு வருசமும் அப்படித்தான். நான் ஒரு போட்டிக்குக்கூடப் போகல."

தங்கச்செல்வி குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது விளங்கவில்லையோ என்று மாரீஸ்வரி திரும்பவும் சொல்லப் போனாள்.

"வெளங்குதுக்கா" என்றாள் அந்தப் பிள்ளை. "காலேஜ்ல சேக்கலேன்னா பஞ்சு மில்லு வண்டி வருது. அதுவும் ஊருக்குள்ள வருது. எங்கக்கா அதுலதான் வேலைக்குப் போறா."

மாரீஸ்வரி, உண்மையைச் சொல்லிவிட்டால் ஏதோ ஒன்று மாறும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்லியாகிவிட்டது. எதுவும் நகரவில்லை.

"கிரவுண்டு பெருசாக்கா?"

"பெருசு."

"மணல் குழி இருக்கா?"

"இருக்கு. ஜன்னல் ஓரமா எடம் பிடிச்சுக்கோ. நல்லாத் தெரியும்."

காளீஸ்வரன் வாசல் வரை வந்து வழியனுப்பினார். திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிடுவதாகச் சொன்னார். வேனில் வேறு யாரும் இல்லை. மாரீஸ்வரி பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். களத்தில் அந்தப் பிள்ளை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து குழியில் தாண்டியது. எழுந்து, விழுந்த தடத்தைக் காலால் அளந்தது.

ஐயாத்துரை கண்ணாடியில் பார்த்தார்.

"ஏறிட்டியா ஆத்தா?"

"ஏறிட்டேன் மாமா."

கியர் விழுந்தது.